புதிய தொலைக்காட்சிப் பெட்டி: பிளாஸ்மாவா, எல்.சி.டி.யா?

தொலைக்காட்சிப் பெட்டி வாங்கச் செல்வோர் கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றது. கறுப்பு வெள்ளையா, வண்ணமா என்று ஒரு காலத்தில் கேட்டோம். சுவரில் மாட்டும் தட்டைத் திரைகள் நம் நாட்டுக் கடைகளில் பரவத் தொடங்கியபோது, பிளாஸ்மாவா, எல்.சி.டி.யா என்று கேட்டோம். சில ஆண்டுகள் இக்கேள்வி வீடுதோறும் பெரும் வாதமாகவே நடந்தது. இன்று புதிய பிளாஸ்மாப் பெட்டி எதுவும் செய்யப்படுவதில்லை. ‘செத்துப்போன வழக்குக்கு இப்போது சாட்சி எதற்கு?’ என்று நேயர்கள் வினவலாம். வழக்கு முடிந்துவிடவில்லை; கட்சிக்காரர் ஒருவர் மட்டுமே மாறியிருக்கின்றார். அதே கடையில், அதே சுவரில், வேறு பெயரோடு அக்கேள்வி இன்றும் தொங்குகின்றது. ஆதலின், முன்னர் நாங்கள் அதற்குக் கண்ட விடையையும், அதில் நாங்கள் செய்த பிழையையும் சொல்வது இப்போது வாங்க நினைப்போருக்குப் பயன்படக்கூடும்.

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி நிலுவைத் தொகையின் ஒரு பகுதி 2008ஆம் ஆண்டிலும், மற்றொரு பகுதி அடுத்த ஆண்டிலும் மைய அரசு ஊழியர்களுக்குக் கிடைத்தது. மாதச் சம்பளத்தில் காலம் தள்ளுவோர்க்கு இத்தகைய தொகை வாழ்நாளில் இரண்டு மூன்று முறைதான் கைக்கு வரும். அதில் ஒரு பங்கைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கென்று ஒதுக்கினோம். ஆடம்பரத்துக்காக அன்று. எங்கள் அன்னையார், தந்தையார் மறைந்த பிறகு, கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து தங்கியிருந்தார். அவருக்கு இந்தி தெரியாது. காலை ஒன்பது மணிக்கு நாங்கள் அலுவலகத்துக்கும் பிள்ளை பள்ளிக்கும் புறப்பட்டுவிட்டால், மாலை வரையில் அந்த வீட்டில் அவரோடு தமிழ் பேசுவது தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றுதான். வெளிமாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எதை வாங்குவது என்று தெரிந்துகொள்ள, இரண்டும் எவ்வாறு இயங்குகின்றன என்று முதலில் விசாரித்தோம். விசாரித்தது வீண்போகவில்லை, பிழை வேறோரிடத்தில் நேர்ந்தது.

பிளாஸ்மாத் திரையில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே இலட்சக்கணக்கான நுண்ணிய அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் நியான், செனான் முதலிய வாயுக்கள் அடைக்கப்பட்டிருக்கும். மின்னழுத்தம் தரப்பட்டதும் வாயுவிலிருந்து கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர் எழும். அக்கதிர் அறைச் சுவரில் பூசிய பொடியின்மேல் பட்டுச் சிவப்பாகவோ, பச்சையாகவோ, நீலமாகவோ ஒளிரும். நம் வீட்டுக் குழல் விளக்கில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. ஆகவே திரையின் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒரு குட்டி விளக்கு. ஒளி வேண்டாத இடத்தில் அவ்விளக்கை ஏறக்குறைய அணைத்துவிடலாம். இருள் இருளாகவே தெரியும். 1964ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கணிப்பொறி வழியே பாடம் கற்பிக்கும் ஒரு திட்டத்துக்காக இத்திரையைக் கண்டுபிடித்தனர். கேளிக்கைக்கென்று பிறந்த பொருள் அன்று இது.

எல்.சி.டி. என்பது திரவப் படிகத் திரை. நீர்போல் ஓடவும் செய்து, படிகம்போல் ஓர் ஒழுங்கில் நிற்கவும் செய்யும் விந்தைப் பொருளை 1888ஆம் ஆண்டில் பிராக் நகரில் ரெய்னிட்சர் என்ற தாவரவியல் அறிஞர் முதலில் கவனித்தார். இத்திரையில் உள்ள புள்ளிகள் தாமாக ஒளிர்வதில்லை. பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். முன்னால் உள்ள படிகங்கள், பல இலட்சம் சாளரக் கதவுகளைப் போலத் திறந்தும் மூடியும் அவ்வொளியை வெளியே விடும். சாளரத்தை எவ்வளவு இறுக மூடினாலும் வெயில் சிறிது கசியும் அன்றோ? அவ்வாறே இங்கும் ஒளி கசியும். கறுப்பு, கறுப்பாக இராமல் சாம்பல் நிறமாகத் தெரிவது இதனால்தான். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளுப்பதும் இக்கதவுகளின் குறையே.

இந்தப் பக்கவாட்டுக் குறையைத் தணித்ததில் பெங்களூருக்கு ஒரு பங்குண்டு. அதைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. திரவப் படிகம் ஆகும் மூலக்கூறுகள் கோல் வடிவில்தான் இருக்கும் என்று உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. தட்டு வடிவ மூலக்கூறுகளும், நாணயங்களை அடுக்கினாற்போல் நின்று, திரவப் படிகம் ஆகக்கூடும் என்பதை 1977ஆம் ஆண்டில் பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். சந்திரசேகரும் அவருடைய துணைவர்களும் காட்டினர். இவர் சர் சி. வி. இராமனின் சகோதரி மகன். வானியற்பியலுக்காக 1983இல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் வேறு, இவர் வேறு. இத்தட்டு வடிவப் பொருளைக் கொண்டு செய்த மெல்லிய படலங்களைப் பின்னர் எல்.சி.டி. திரைகளின்மேல் ஒட்டியபோது, பக்கத்தில் அமர்ந்தவர்க்கும் படம் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. கடையில் பெட்டி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

இனிக் கடைக்கு வருவோம். மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். எங்கும் கூரை முழுவதும் வெண்மையான விளக்குகள். அவ்வெளிச்சத்தில் எல்.சி.டி. பளபளவென்று மின்னியது, பக்கத்தில் பிளாஸ்மா சோர்ந்து கிடந்தது. எல்.சி.டி.தான் சிறந்தது என்று முடிவுகட்டி வீடு திரும்பினோம். அன்றிரவே நண்பர் ஒருவர் தம் இல்லத்தில் விளக்கை அணைத்துவிட்டுத் தம்முடைய பிளாஸ்மாவில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டார். இரவுக் காட்சியில் கதாநாயகியின் கூந்தலும் பின்னால் இருந்த இருட்டும் தனித்தனியே தெரிந்தன. மறுநாள் அங்கேயே கிரிக்கெட் ஆட்டம் பார்த்தோம். பந்து வால்முளைக்காமல் பந்தாகவே ஓடியது. அக்காலத்து எல்.சி.டி.யில் விரைந்து செல்லும் பொருளுக்குப் பின்னால் ஒரு மங்கல் இழையும். வீட்டுப் பிள்ளைக்கு அப்போதே மனம் பிளாஸ்மாமேல் சென்றுவிட்டது, எங்களுக்கும் சென்றது. 42 அங்குலப் பிளாஸ்மா ஒன்றை வாங்கினோம்.

கடையில் நாங்கள் கண்டதும் பொய்யன்று. நண்பர் வீட்டில் கண்டதும் பொய்யன்று. எங்கள் வீட்டுப் பகல் பொழுதை மட்டும் எங்கும் காணவில்லை.

எங்கள் கூடத்தில் மேற்கே ஒரு மாடமும், தெற்கே ஒரு பெரிய சாளரமும் இருந்தன. அன்னையார் திரைச்சீலையை இழுத்து மூடமாட்டார். தெருவில் காய்கறி வண்டி போவதையும், எதிர் வீட்டுக் குழந்தைகள் விளையாடுவதையும் காண்பது அவருக்கு ஒரு துணை. பிளாஸ்மாவின் முன்புறம் முழுவதும் கண்ணாடி. பகல் பதினொரு மணிக்கு மேல் அதில் சாளரமும், சாளரத்துக்கு அப்பாலுள்ள வேப்பமரமும், நாற்காலியில் அமர்ந்த அன்னையாரும் தெரிந்தனர்; படம் தெரியவில்லை. மாலையில் நாங்கள் வீடு திரும்பும்போது வெயில் தாழ்ந்திருக்கும். விளக்கைத் தணித்துவிட்டு உட்கார்ந்தால் படம் கண்கொள்ளாக் காட்சியாக இருக்கும். ஆகையால் ஏறக்குறைய ஓராண்டு வரையில் எங்களுக்கு இது தெரியவே இல்லை. அவருடைய நாற்காலி சிறிது சிறிதாகத் திரைக்கு அருகே நகர்ந்து வந்ததைக் கண்டோம். கண்பார்வை குறைகின்றது என்று எண்ணிக்கொண்டோம்.

ஒரு விடுமுறை நாளில் அவரோடு அமர்ந்து அவர் நாள்தோறும் பார்க்கும் தொடர் ஒன்றைப் பார்த்தோம். அதில் கதாநாயகியாக நடித்தவர் மாறி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ‘முன்பு நடித்த பெண்தான் நன்றாக இருந்தாள், இல்லையா அம்மா?’ என்று கேட்டோம். அவர் திகைத்தார். நடிகை மாறியது அவருக்குத் தெரியாது. நம் தொடர்களில் நடிப்பவர் ஒருவர், குரல் கொடுப்பவர் மற்றொருவர் என்பதை நேயர்கள் அறிவர். நடிகை மாறினார், குரல் மாறவில்லை. அத்தனை நாளும் அவர் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தார். 42 அங்குலத் திரையை அவர் வானொலியாகப் பயன்படுத்தி வந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். ‘அத்தனை பணம் போட்டு வாங்கியிருக்கிறீர்கள். ராத்திரி நீங்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறீர்கள். அதில் போய்க் குறை சொல்வேனா?’ என்றார்.

கண் மருத்துவரிடமும் அழைத்துச் சென்றோம். புரை தொடங்கியிருந்தது உண்மையே. ஆனால் சாளரத்தை மூடியபோது அதே கண்ணுக்குப் படம் தெரிந்ததும் உண்மை.

அதற்குள் பிளாஸ்மாவின் மற்றொரு குணமும் வெளிப்பட்டது. அன்னையார் நாள் முழுவதும் ஒரே தமிழ் அலைவரிசையைத்தான் வைத்திருப்பார். அதன் சின்னம் திரையின் ஒரு மூலையில் ஒரே இடத்தில் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். ஒளிரும் பொடி உழைக்க உழைக்கத் தேயும் தன்மையுடையது. ஒரே இடம் ஓயாமல் உழைத்தால் அவ்விடம் மட்டும் முந்தித் தேயும். கிரிக்கெட் ஆட்டத்தில் பச்சை மைதானம் திரை முழுவதும் நிரம்பும்போது, மூலையில் அந்தத் தமிழ்ச் சின்னம் நிழல்போல் நின்றது. ஆங்கிலச் செய்தியிலும் நின்றது. இந்திப் படத்திலும் நின்றது. வீட்டுக்கு வந்த பஞ்சாபி நண்பர் ஒருவர், ‘உங்கள் பெட்டி எந்த மொழி பேசினாலும் தமிழிலேயே கையெழுத்திடுகின்றதே’ என்றார். சிரித்தோம், உள்ளூர வருந்தவும் செய்தோம்.

அந்நாளில் எங்களுக்குக் கிடைத்த தமிழ் அலைவரிசைகள் பழைய சதுரப் பாங்கான படத்தையே அனுப்பின. அகன்ற திரையில் அப்படத்தை உள்ளபடியே வைத்தால் இருபுறமும் கறுப்புப் பட்டைகள் நிற்கும். அவையும் நாளடைவில் பிளாஸ்மாவில் தடம் பதிக்கும். பட்டை வேண்டாம் என்று இழுத்து அகலப்படுத்தினால் எல்லோரும் பருத்துவிடுவர். இன்னொன்றும் உண்டு. அவ்வலைவரிசைகளின் படத்தில் குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகள். முழு உயர்தரத் திரையிலோ குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கிப் பார்த்தால் திரையில் உள்ள புள்ளிகள் படத்தில் வரும் புள்ளிகளைப்போல் சரியாக ஐந்து மடங்கு. வராத நான்கு பங்கைப் பெட்டி தானே ஊகித்து நிரப்ப வேண்டும். திரை பெரிதாகப் பெரிதாக அந்த ஊகத்தின் கறைகளும் பெரிதாகும். எதைப் பார்க்கப் போகின்றோம் என்று தெரியாமல் அளவை மட்டும் பெருக்கியதும் எங்கள் பிழைகளுள் ஒன்று.

மின்கட்டணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிளாஸ்மா இருண்ட காட்சிக்குக் குறைவாகவும் வெளிச்சக் காட்சிக்கு மிகுதியாகவும் மின்சாரம் கொள்ளும். சராசரி 250 வாட் என்று கொண்டு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 75 யூனிட் ஆகும். இன்றைய எல்.சி.டி. ஒன்று 80 வாட் கொள்வதாக வைத்துக்கொண்டால், அதே நேரத்துக்கு 24 யூனிட் போதும். தில்லிக் கோடையில் அந்த அதிக மின்சாரம் வெப்பமாகி அறையிலேயே தங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படைத்துறையிலிருந்து இலடாக் பக்கம் சென்ற நம்மவர்க்குப் பிளாஸ்மா தகாது என்றும் அந்நாளில் சொல்வதுண்டு. அது கட்டுக்கதை அன்று. லே நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. திரையின் கண்ணாடிகளுக்குள் அடைத்த வாயுவின் அழுத்தமோ மாறுவதில்லை. இவ்வேறுபாட்டால் திரை வண்டுபோல் இரையத் தொடங்கும். எவ்வளவு உயரம் வரை பயன்படுத்தலாம் என்று உற்பத்தியாளர்களே கையேட்டில் குறித்திருந்தனர். எல்.சி.டி.க்கு இத்தொல்லை இல்லை.

2011ஆம் ஆண்டில் நாங்கள் செய்தது இதுதான். பிளாஸ்மாவைச் சாளரமில்லாத உள்ளறைக்கு மாற்றினோம். தூக்குவதற்கு இருவர் வேண்டியிருந்தது. கண்ணாடியின் கனம் அத்தகையது. கூடத்தில் 32 அங்குல எல்.சி.டி. ஒன்றை வைத்தோம். அதன் முகம் கண்ணாடிபோல் பளபளக்காது, சொரசொரப்பாக இருக்கும். நண்பகலிலும் முகம் தெரிந்தது. கறுப்பு, சாம்பலாகத்தான் இருந்தது. பகல் நேரத் தொடரில் அது ஒரு பொருட்டன்று. பழைய பெட்டியைவிட அது சிறியது என்று அன்னையார் ஒருநாளும் சொல்லவில்லை.

பிளாஸ்மா ஏன் மறைந்தது? படத்தின் தரத்தில் தோற்று மறையவில்லை. கைக்கடிகாரம், கைப்பேசி, கணிப்பொறி, சுவர்த்திரை ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே எல்.சி.டி. நுட்பம் பயன்பட்டது, ஆகவே ஆலைகளும் முதலீடும் அப்பக்கமே குவிந்தன, விலையும் இறங்கியது. பிளாஸ்மாவைச் சிறிய அளவில் செய்வது இலாபமாக இல்லை. 32 அங்குலத்தில் அது அரிதாகவே கிடைத்தது. குழல் விளக்குகளுக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்குகள் பின்னால் அமைந்ததும் எல்.சி.டி. மெலிந்தது, மின்செலவும் குறைந்தது. பானசோனிக் நிறுவனம் 2013ஆம் ஆண்டின் இறுதியில் பிளாஸ்மாத் திரை உற்பத்தியை நிறுத்தியது. சாம்சங் 2014இல் நிறுத்தியது. நல்ல சரக்கு என்பதற்காக மட்டும் சந்தையில் ஒன்று நிலைத்துவிடுவதில்லை.

இப்போது கடைக்குச் செல்வோர் பெயர்களைக் கண்டு மயங்க வேண்டாம். எல்.இ.டி. தொலைக்காட்சி என்று விற்பது எல்.சி.டி.யே, பின்விளக்கின் பெயரைப் பெட்டிக்குச் சூட்டியிருக்கின்றனர். கியூ.எல்.இ.டி. என்பதும், மினி எல்.இ.டி. என்பதும் பெரும்பாலும் எல்.சி.டி.யின் மேம்பட்ட வகைகளே. ஓ.எல்.இ.டி. வேறு இனம். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கின்றது. எனவே பிளாஸ்மாவின் அழகும் அதற்கு உண்டு, பிளாஸ்மாவின் நோயும் அதற்கு உண்டு. கறுப்பு முழுக் கறுப்பு; பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதும் மாறுவதில்லை. ஆனால் ஒரே சின்னம் நாள் முழுவதும் நின்றால் அதன் தடம் படியக்கூடும். இதைத் தணிக்கப் படத்தைச் சிறிது நகர்த்துதல், சின்னத்தின் ஒளியைக் குறைத்தல் முதலிய ஏற்பாடுகளைப் பெட்டியிலேயே செய்திருக்கின்றனர். எனினும் நாளெல்லாம் ஒரே அலைவரிசை ஓடும் வீட்டில், அதன் விலையையும் எண்ணிப் பார்த்தால், எங்கள் கருத்து எல்.சி.டி.யின் பக்கமே. இரவில் மட்டும் விளக்கணைத்துத் திரைப்படம் பார்க்கும் இல்லங்களுக்கு ஓ.எல்.இ.டி. வாங்கப் பணம் இருக்குமானால், தாராளமாக வாங்கலாம்.

கடையில் ஓடும் படத்தை நம்பாதீர்கள். மயிலும் மீனும் மலர்களுமாக அங்கே ஓடுவது திரைக்கென்றே எடுத்த படம். ஒளியையும் நிறத்தையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். வீட்டில் பார்ப்பதற்கான அமைப்புக்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஓடும் தமிழ் அலைவரிசையைப் போடச் சொல்லுங்கள். வெளிமாநிலக் கடைகளில் அது உடனே கிடைப்பது அரிது. கைப்பேசி வழியாகவேனும் காட்டச் சொல்லலாம். அணைத்து வைத்த திரையின் முன் நின்று, கூரை விளக்குகள் அதில் எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன என்று பாருங்கள். அவ்வளவு தெளிவாக உங்கள் சாளரமும் தெரியும். மின்சிக்கன நட்சத்திரச் சீட்டில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும், அதையும் படியுங்கள்.

சென்ற ஆண்டு கூடத்துப் பெட்டி பழுதடைந்தபோது அன்னையாரையும் கடைக்கு அழைத்துச் சென்றோம். அவருக்கு இப்போது எண்பத்தைந்து வயது. இரு கண்களுக்கும் புரை அறுவை ஆகிவிட்டது. கடைப்பையன் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். அவர் நான்கு திரைகளின் முன் மாறி மாறி அமர்ந்தார். எங்களுக்குப் பிடித்ததை அவர் தள்ளிவிட்டார். விலை குறைந்த 43 அங்குல எல்.சி.டி. ஒன்றைக் காட்டி, ‘இதில் நான் தெரியவில்லை, அவர்கள் தெரிகிறார்கள்’ என்றார். அதையே வாங்கினோம். பிளாஸ்மா உள்ளறையில் இன்னும் இருக்கின்றது. பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஏதேனும் பார்க்க வேண்டுமென்றால், இரவு உணவுக்குப் பின் எல்லோரும் அங்கே சென்றுவிடுகின்றோம். மூலையில் அந்தச் சின்னம் இன்றும் மங்கலாகத் தெரிகின்றது.